அடிபட்ட பிள்ளையின் மனசும் தேற வேண்டும்: வார்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை

கை எலும்பு ஒட்ட ஆறு வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிடுவார். தையல் பிரிக்கும் நாள், மாவுக்கட்டு வெட்டும் நாள், எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அலறிக்கொண்டு எழுந்திருக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று மட்டும் அதில் ஒரு வரி இருக்காது. முதல் தடவையாக இதில் மாட்டிக்கொண்ட அப்பா அம்மாவுக்காகவும், அவர்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் படுத்துக்கிடக்கும் அத்தை, சித்தப்பா, அம்மாச்சிக்காகவும் இதை எழுதுகிறேன்.

நம் காவிரி டெல்டாப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு எப்படியெல்லாம் அடிபடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நெல் காயப்போட்ட ரோட்டில் பைக் சறுக்கிவிடுகிறது. வைக்கோல் கட்டும் மெஷினில் கை மாட்டிக்கொள்கிறது. நெல் அவிக்கும் அண்டாவின் வெந்நீர், தீபாவளி வெடி, பம்புசெட் கரண்டு, மரத்திலிருந்து விழுவது என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு கதை உண்டு. உடம்புக்கு வைத்தியம் பார்க்க நாம் ஓடுகிற ஓட்டத்தில் குறையே சொல்ல முடியாது. மனசு என்று வரும்போது மட்டும் "சின்னப் புள்ளதானே, நாலு நாள்ல மறந்துடும்" என்று விட்டுவிடுகிறோம்.

பிள்ளை மறக்காது. மறக்க வைப்பது நம் வேலையும் இல்லை. நடந்ததை நினைத்தால் உடம்பு நடுங்காத நிலைக்கு அதைக் கொண்டுவருவதுதான் வேலை. யாரும் பேசாமல் மூடி மறைக்கிற வீட்டில் இது தாமதமாகும். உண்மையை அளவாகச் சொல்லி, பழைய நாள் வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருகிற வீட்டில் பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே தேறிவிடுகிறார்கள்.

முதல் சில வாரங்கள்: எதற்குப் பயப்பட வேண்டாம்

கெட்ட கனவு, தூக்கத்தில் உளறல், சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுவது, அம்மா முந்தானையை விடாமல் பிடித்துக்கொள்வது, எதற்கெடுத்தாலும் எரிச்சல். நடந்ததைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு, அதையே திரும்பத் திரும்பப் பேசுவதும் உண்டு. ஏழு வயதுப் பையன் மறுபடி படுக்கையில் ஒன்றுக்குப் போகலாம். தானாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் ஊட்டிவிடச் சொல்லலாம். இவையெல்லாம் பயந்துபோன மூளை தன்னைக் காத்துக்கொள்ளும் வேலைகள். திட்டியோ கேலி செய்தோ நிறுத்தப் பார்க்காதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் ஒவ்வொன்றாகக் குறையும்.

காயம்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இந்தத் தொந்தரவு நீடிக்கிறது. பெரிய காயம் என்றால் பெரிய மனபாதிப்பு, சின்னக் காயம் என்றால் ஒன்றுமில்லை என்று கணக்குப் போட முடியாது. கால் எடுத்த பிள்ளை தெம்பாக இருப்பதும், நாலு தையலோடு வந்த பிள்ளை மாதக்கணக்கில் தூங்காமல் கிடப்பதும் நடக்கிறது. அந்த நேரத்தில் "செத்துடுவேன்" என்று பிள்ளை நினைத்ததா, வலிக்குச் சரியாக மருந்து கிடைத்ததா, அம்மா அப்பாவைப் பிரிந்து தனியாகக் கிடந்ததா, பெற்றோர் எவ்வளவு உடைந்துபோயிருக்கிறார்கள் என்பதெல்லாம்தான் காயத்தின் நீள அகலத்தைவிட முக்கியம். இவற்றில் கடைசி மூன்றில் நம்மால் ஏதாவது செய்ய முடியும்.

வார்டில்

முதல் வேலை, யாராவது ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பது. வெளியே போக வேண்டியிருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள். "டீ வாங்கிட்டு வர்றேன், அதுவரைக்கும் அத்தை இருப்பாங்க" என்று சொல்லி, சொன்னபடி வந்துவிட வேண்டும். தூங்கும்போது நைசாக நழுவிப் போனால், அடுத்த முறை கண்ணை மூடவே பிள்ளை பயப்படும். ஐசியூவில் கூட இருக்க விடமாட்டார்கள். அப்போது அம்மாவின் பழைய சேலைத் துணியைத் துவைத்து, சிஸ்டரிடம் கேட்டு, தலைமாட்டில் வைக்கச் சொல்லலாம். அந்தத் துணி ஒரு பிடிமானம்.

இரண்டாவது, பொய் சொல்லாதிருப்பது. "வலிக்காதுடா கண்ணு" என்று சொல்லி ஊசி போட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் பிள்ளை நம்பாது. "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும், நான் கையைப் புடிச்சுக்கறேன்" என்று சொல்லுங்கள். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போதும் அப்படித்தான். கண் விழிக்கும்போது எங்கே இருக்கும், உடம்பில் என்னென்ன குழாய் இருக்கும், யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிப் பயம் அங்கேயே அடங்கிவிடும்.

தீக்காயம், பெரிய வெட்டுக்காயம் என்றால் கட்டு மாற்றும் நேரம்தான் பிள்ளைக்கு உண்மையான நரகம். விபத்து ஒரு தடவை நடந்தது, கட்டு மாற்றுவது தினமும் நடக்கிறது. தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் வராந்தாவில் கேட்டதுமே உடம்பு விறைத்துக்கொள்ளும். வெந்நீர் கொட்டிய ஐந்து வயதுப் பெண் ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். நாலு பேர் கை காலைப் பிடித்து மல்லாக்கப் படுக்கவைத்துக் கட்டைப் பிரித்தார்கள். அவள் அலறியது அடுத்த வார்டுக்கே கேட்டது. மறுநாள் சிஸ்டர் ஒருவர் வேறு மாதிரி செய்தார். முக்கால் மணி நேரம் முன்பே வலி மருந்து கொடுத்தாயிற்று. படுக்க வைக்காமல், அம்மா மடியில் நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்தார். ஒட்டியிருந்த துணியில் சலைன் ஊற்றி ஊறவிட்டார். "மேல் பிளாஸ்திரியை நீ உரிக்கிறியா, நான் உரிக்கட்டுமா?" என்று கேட்டார். அவள் உரித்தாள், ரொம்ப மெதுவாக, ஓரத்திலிருந்து. நடுவில் சோப்புக் குமிழி ஊதினாள், அழுதாள், மறுபடி ஊதினாள். ஆனால் முதல் நாள் அலறல் இல்லை.

இதில் எதற்கும் காசு செலவில்லை. நீங்களே கேட்கலாம்: "சிஸ்டர், கட்டு மாத்துறதுக்கு முன்னாடியே வலி மருந்து குடுக்கலாமான்னு டாக்டரைக் கேக்கறீங்களா? நான் மடியில வச்சுக்கலாமா?" வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது வீரம் என்று பிள்ளைக்குச் சொல்லித்தராதீர்கள். அடங்காத வலி மனசில் ஆழமாகப் பதியும். "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்ற பேச்சையும் வார்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

பணக்கவலை பெற்றோரின் முகத்தில் தெரிந்தால் பிள்ளை அதையும் சுமக்கும். சாலை விபத்து என்றால், இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். 2021 டிசம்பரில் வந்த திட்டம் இது. மற்றவற்றுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கொண்டுபோய் அங்கேயே உள்ள காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள். பணப் பேச்சைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

பார்க்க வருகிறவர்கள்

இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஊரே பார்க்க வரும். அது நம் ஊர் அன்பு, வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டிலைச் சுற்றி நின்று அவர்கள் பேசுவது காயத்தின் மேல் இன்னொரு காயம். "ஐயோ, பொம்பளப் புள்ளயாச்சே, முகத்துல இப்படி ஆயிடுச்சே, நாளைக்கு யாரு கட்டுவா?" பிள்ளை தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். "எப்படிடா ஆச்சு?" என்று வருகிறவர் ஒவ்வொருவரும் பிள்ளையையே கேட்பார்கள். ஒரே நாளில் அத்தனை முறை நடந்ததைச் சொல்ல வைப்பது மருந்தாகாது. பிள்ளை தானாகப் பேசினால் கேட்பது வேறு, தோண்டிக் கேட்பது வேறு. தோண்டிக் கேட்டுப் பேசவைத்தால் பாரம் இறங்கும் என்று நினைக்கிறோம், அது உண்மையில்லை.

அதனால் வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் பயப்படாத ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ இருப்பார்கள், அவர்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். "உள்ள வந்து ரெண்டு நிமிஷம் சிரிச்சுப் பேசிட்டு வாங்க. எப்படி ஆச்சுன்னு என்னைக் கேளுங்க, புள்ளைய கேக்காதீங்க. அழுகை வந்தா வெளிய வந்து அழுங்க." இப்படி வெளிப்படையாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

யார் குற்றம் என்ற சண்டையும் கட்டிலருகே வேண்டாம். "நீ ஏன் அவனை வண்டியில ஏத்தின?" என்று அப்பாயி அம்மாவைக் கேட்பதை, அந்த வண்டியில் ஏற அடம்பிடித்த பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகள், முக்கியமாக ஆறேழு வயதுக்குக் கீழே உள்ளவர்கள், எல்லாம் தன்னால்தான் நடந்தது என்று நம்பிவிடுவார்கள். "சொன்ன பேச்சக் கேட்டியா? அதான் சாமி தண்டிச்சுடுச்சு" என்று வேறு சொல்லிவிட்டால் அந்தக் குற்ற உணர்ச்சி வருஷக்கணக்கில் கூடவே இருக்கும். "இது விபத்து. உன்னால நடக்கல. நாங்க யாரும் உன்மேல கோவமா இல்ல" என்று ஒரு தடவை சொன்னால் போதாது, பல தடவை சொல்லுங்கள்.

விபத்து நடந்த இடத்து வீடியோ, சிசிடிவி துண்டு, வாட்ஸ்அப்பில் சுற்றும் போட்டோ எதுவும் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது. கட்டு மாற்றும்போது கார்ட்டூன் பார்க்க போனைக் கொடுப்பது நல்லதுதான். கொடுக்கும் முன் கேலரியைப் பாருங்கள்.

அதே விபத்தில் யாராவது இறந்திருந்தால்

"அப்பா வெளியூர் போயிருக்காங்க" என்று மறைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. காரியம் முடிந்து மொட்டை போட்ட அண்ணனைப் பார்த்ததும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். கூடவே, எல்லோரும் சேர்ந்து தன்னை ஏமாற்றினார்கள் என்பதும் தெரிந்துவிடும். பிள்ளை நினைவோடு, ஆபத்துக் கட்டத்தைத் தாண்டியிருந்தால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பிள்ளைக்கு மிகவும் பிடித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். "தூங்குறாங்க", "சாமிகிட்ட போயிட்டாங்க" என்றால் சின்னப் பிள்ளை திரும்பி வருவார்கள் என்று காத்திருக்கும், அல்லது தூங்கவே பயப்படும். "செத்துட்டாங்க. இனிமே வரமாட்டாங்க. நாங்க இருக்கோம், உன்னைப் பாத்துக்குவோம்." அதற்கு மேல் பேச்சு வேண்டாம், கூட இருங்கள். கேள்வி பிறகு வரும், ஒரே கேள்வி பல முறை வரும். ஒவ்வொரு முறையும் அதே பதில்.

வீட்டுக்கு வந்த பிறகு

வீடு வந்ததும் இரண்டு தவறான பக்கம் சாய்வோம். ஒன்று, கேட்டதையெல்லாம் கொடுத்து, ஒரு வேலையும் செய்யவிடாமல் ராஜா மாதிரி வைப்பது. மற்றது, "எல்லாம் சரியாயிடுச்சுல்ல, எந்திரி" என்று அவசரப்படுத்துவது. பிள்ளைக்கு வேண்டியது பழைய ஒழுங்கு. எழுந்திருக்கும் நேரம், பல் தேய்ப்பது, சாப்பாடு, படுக்கை எல்லாம் முன்பு இருந்த நேரத்துக்கே நடக்கட்டும். ஒரு கையால் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றைக் கொடுங்கள்: கோழிக்குத் தீனி போடுவது, கீரை ஆய்வது, பூ எடுத்துக் கொடுப்பது. தம்பியைக் கிள்ளினால் முன்பு எப்படிக் கண்டித்தீர்களோ அப்படியே இப்போதும் கண்டியுங்கள். "அடிபட்ட புள்ள" என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால், தனக்கு இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது போல என்றுதான் அது புரிந்துகொள்ளும்.

ராத்திரி தனியாகப் படுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கட்டும், சின்ன விளக்கு எரியட்டும், கரண்டு போனால் எடுக்க டார்ச் தலையணைக்கு அடியில் இருக்கட்டும். கனவு கண்டு எழுந்தால் "ஒண்ணுமில்ல, படு" என்று அடக்காமல், லைட்டைப் போட்டு, "நீ வீட்டுல இருக்க, இது நம்ம வீட்டுக் கூடம், நான் அம்மா" என்று சொல்லித் தண்ணீர் கொடுங்கள். கனவை விடியற்காலையில் சொல்ல விரும்பினால் கேளுங்கள்.

விளையாட்டைக் கவனியுங்கள். பொம்மை டிராக்டரை ஓட்டிவந்து பொம்மையின் மேல் ஏற்றிக்கொண்டே இருக்கும். பார்க்க நமக்குப் பகீரென்றிருக்கும், பிடுங்கி ஒளித்துவைக்கத் தோன்றும். வேண்டாம். வாயால் சொல்லத் தெரியாததைப் பிள்ளை கையால் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரை ஊர்களில் பிள்ளைகளோடு வேலை செய்தவர்கள் அவர்களிடம் கொடுத்தது கிரேயானும் தாளும் விளையாட்டுச் சாமானும்தான். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஏற்றிக்கொண்டே இருந்து, முடிவே வராமல், பிள்ளையின் முகம் இறுகிக்கொண்டே போனால் மட்டும் மெல்ல உள்ளே நுழையுங்கள்: "108 வந்துச்சா? யாரு தூக்கிட்டுப் போனா? இப்ப பொம்மை எப்படி இருக்கு?" கதைக்கு ஒரு முடிவு கிடைக்கட்டும்.

கூடப்பிறந்தவர்களை மறந்துவிடாதீர்கள். அண்ணன் அடிபட்டதை நேரில் பார்த்த தங்கைக்குக் காயமே இருக்காது, ஆனால் அவளுக்கும் இதே கனவு வரும். ஒரு மாதமாக அம்மாச்சி வீட்டில் விட்டுவைத்திருந்த பிள்ளைக்கு, தன்னை யாருக்கும் வேண்டாம் என்ற எண்ணம் வந்திருக்கும். தினமும் கொஞ்ச நேரம் அவர்களுக்கென்று மட்டும் ஒதுக்குங்கள்.

தலையில் அடிபட்ட பிள்ளையின் எரிச்சலையும் மறதியையும் மனசு என்று மட்டும் நினைத்துவிடக்கூடாது, அது மூளையின் காயத்தாலும் வரும். ரிவியூவில் கட்டாயம் சொல்லுங்கள். அடிபட்ட முதல் நாட்களில் திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத மயக்கம், வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

திருநீறும் தாயத்தும்

"புள்ள பயந்திருக்கு" என்று வேப்பிலை அடிக்கவும், மந்திரிக்கவும், நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் வைத்தீஸ்வரன் கோயிலுக்கும் கூட்டிப்போகவும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நான் இதற்கு எதிரியில்லை. பயம் என்ற ஒன்று இருக்கிறது, அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. தாத்தா திருநீறு பூசி நெற்றியில் ஊதும்போது பிள்ளைக்கு ஒரு தெம்பு வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பிள்ளையை அடிப்பது, புகை போட்டு மூச்சுத்திணற வைப்பது, புண்ணின் மேல் எதையாவது தடவுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, இவற்றுக்கு மட்டும் ஒருநாளும் சம்மதிக்காதீர்கள். கயிறு கட்டியாயிற்று, இனி டாக்டர் வேண்டாம் என்று ரிவியூ நாளைத் தவறவிடவும் கூடாது.

மெஷின் திரும்ப ஊருக்குள் வரும்போது

டவுனில் விபத்து நடந்த பிள்ளையை அந்தச் சாலைப் பக்கம் போகாமல் சில காலம் வைத்திருக்க முடியும். டெல்டாவில் அது முடியாது. குறுவை அறுவடை, சம்பா அறுவடை என்று பருவத்துக்குப் பருவம் மெஷின் வாசலைத் தாண்டித்தான் போகும். தை பிறந்தால் ராத்திரி பகலாக அறுப்பு மெஷின் சத்தம், பிறகு வைக்கோல் கட்டும் மெஷின், ரோட்டில் நெல். நன்றாகத் தேறிவிட்ட பிள்ளை அந்த வாரம் திடீரென்று சாப்பிட மறுக்கும், பழைய கனவு திரும்பும். "இப்பதானே சரியாச்சு" என்று மனம் உடையாதீர்கள். சத்தம், டீசல் வாசனை, வைக்கோல் தூசி எல்லாம் சேர்ந்து உடம்பை அந்த நாளுக்கு இழுத்துக்கொண்டு போகின்றன. தீபாவளி வெடியில் அடிபட்ட பிள்ளைக்கு ஐப்பசி வந்தால் இதே கதை.

அறுவடைக்குச் சில வாரம் முன்பே பேசிவிடுங்கள். "அடுத்த மாசம் மெஷின் வரும். சத்தம் கேக்கும். உனக்குப் படபடன்னு வரலாம், வந்தா என்கிட்ட சொல்லு." பிறகு சிறுகச் சிறுகப் பழக்குங்கள். முதலில் வீட்டுக்குள் இருந்தபடி தூரத்துச் சத்தம் மட்டும், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு. அது பழகியதும் திண்ணையில் உட்கார்ந்து. இன்னொரு நாள், அணைத்து நிறுத்தி வைத்திருக்கும் மெஷினைத் தள்ளி நின்று பார்ப்பது. டிரைவர் சாவியைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டு, "பாருப்பா, ஆஃப் ஆயிடுச்சு" என்று சொன்னால் பிள்ளை கிட்டே போய்த் தொட்டுப் பார்க்கும். ஒவ்வொரு படியிலும் படபடப்பு அடங்கும்வரை நின்றுவிட்டுத்தான் அடுத்த படி. எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். "பயம் தெளியட்டும்" என்று தூக்கிக்கொண்டுபோய் மெஷின் பக்கத்தில் நிறுத்துவது கொடுமை. நடுக்கம், வாந்தி என்று வருகிற அளவுக்குப் பயம் இருந்தால் நீங்களாக ஆரம்பிக்காமல் மனநல மருத்துவர் அல்லது உளவியலாளரின் துணையோடு செய்யுங்கள்.

பள்ளிக்கூடம்

உடம்பு ஓரளவு இடம் கொடுத்ததும் பள்ளிக்குப் போவது நல்லது. முழுசாகச் சரியாகட்டும் என்று வைத்துக்கொண்டிருந்தால் போகும் பயம் கூடிக்கொண்டே போகும். முதலில் வகுப்பு நண்பர்கள் இரண்டு பேரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் போய் வகுப்பு டீச்சரைப் பாருங்கள். பிள்ளையால் என்ன செய்ய முடியும், என்ன முடியாது, தலை சுற்றினால் எங்கே உட்காரலாம், கழிப்பறைக்கு யார் துணை என்று பேசி முடித்துவிடுங்கள். பிள்ளை வரும் முன்பே டீச்சர் வகுப்பில் எளிமையாகச் சொல்லிவிட்டால் வெறித்துப் பார்ப்பது குறையும். என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளையையே கேட்டுக்கொண்டு போங்கள். முதல் வாரம் அரை நாள் போதும்.

நடக்க முடியாமல் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைக்கு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து பாடம் நடத்த ஏற்பாடு உண்டு. தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோவும் வீட்டுக்கு வருவார். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்குக் கையில் அடி என்றால், மருத்துவச் சான்றோடு தலைமை ஆசிரியர் வழியாகச் சொல்வதை எழுதுபவருக்கு விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம்வரை காத்திருக்க வேண்டாம்.

தழும்பு

கட்டு அவிழ்த்த பிறகு முதன்முதலில் கண்ணாடியில் பார்ப்பது உங்கள் கூடவே நடக்கட்டும். வீட்டில் கண்ணாடியைக் கழற்றி ஒளித்துவைக்காதீர்கள். ஒளித்தால், பார்க்கக்கூடாத அளவுக்கு இருக்கிறேன் போல என்றுதான் பிள்ளை நினைக்கும். நீங்கள் அந்த இடத்தைத் தொட்டு எண்ணெயோ களிம்போ தடவும்போது முகம் சுளிக்காமல் இருப்பது நூறு ஆறுதல் வார்த்தைக்குச் சமம். தழும்பு சிவந்து தடித்திருப்பது அடங்க ஒன்று, ஒன்றரை வருஷம்கூட ஆகும், இன்று தெரிவதே கடைசி உருவம் இல்லை என்பதையும் சொல்லுங்கள். தீக்காயத்துக்குக் கொடுக்கும் இறுக்கமான உடையைக் கிட்டத்தட்ட நாள் முழுக்க, குளிக்கும் நேரம் தவிர, போட்டிருக்கச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் அதைப் போட்டிருக்கும் பிள்ளைக்கு அரிப்பு உயிரை எடுக்கும். கோபம், தூக்கமின்மை, பிடிவாதம் என்று நாம் நினைப்பது பல நேரம் வெறும் அரிப்புதான். டாக்டரிடம் சொன்னால் அதற்கு மருந்து இருக்கிறது. விரலோ காலோ எடுத்த பிள்ளை, இல்லாத இடம் வலிக்கிறது என்று சொன்னால் நம்புங்கள். அந்த வலி உண்மையானது, அதற்கும் வைத்தியம் உண்டு.

வெளியே போனால் கேட்பார்கள். அதற்கு ஒரு பதிலை வீட்டிலேயே சொல்லிப் பழகட்டும்: "தீ பட்டுடுச்சு. இப்ப வலிக்கல. நீ என்ன கிளாஸ்?" என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவது. அப்பா பஸ்ஸில் வரும் பாட்டியாகவும், அக்கா வகுப்புப் பையனாகவும் நடித்துக் கேட்க, பிள்ளை பதில் சொல்லட்டும். சொல்லப் பிடிக்காத நாளில் "அதப்பத்திப் பேச எனக்கு இஷ்டமில்ல" என்று சொல்லவும் உரிமை உண்டு என்று கற்றுக்கொடுங்கள்.

வளர்ந்த பிள்ளைகள்

பதின்மூன்று பதினாலு வயதுக்கு மேல் அழமாட்டார்கள். கதவைச் சாத்திக்கொள்வார்கள், எரிந்து விழுவார்கள், போனில் மூழ்குவார்கள். நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டால் வாயே திறக்காது. வாய்க்கால் கரையில் கூட நடக்கும்போதோ, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதோ தானாக ஒரு வார்த்தை வரும். அப்போது உபதேசம் செய்யாமல் கேளுங்கள். கபடி ஆடிக்கொண்டிருந்த பையனுக்கு இனி ஆட முடியாது என்பது கால் போனதைவிடப் பெரிய இழப்பாக இருக்கலாம்.

"நான் இருந்து என்ன பண்ணப்போறேன்", "எல்லாருக்கும் பாரம்" என்று சொன்னால் அதைச் சும்மா சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அன்றே உதவி தேடுங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். விவசாய வீட்டில் இன்னொன்றும் உடனே செய்ய வேண்டும்: மாட்டுக்கொட்டகை மூலையில், பரணில், பம்புசெட் ரூமில் இருக்கும் பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள், அல்லது பூட்டிச் சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளையும் பெரியவர்களே எடுத்துக் கொடுங்கள்.

போலீசும் வழக்கும்

விபத்து வழக்கு என்றால் வாக்குமூலம் கேட்பார்கள். 15 வயதுக்குட்பட்ட பையனையோ, எந்த வயதுப் பெண்ணையோ சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் கூட இருங்கள், பிள்ளை களைத்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நஷ்டஈட்டு வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். வக்கீல் தேதிக்குத் தேதி வீட்டில் அந்தப் பேச்சு ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு

அடிபட்டதை நேரில் பார்த்த அம்மாவுக்கும், வண்டி ஓட்டிய அப்பாவுக்கும் இதே கனவும் படபடப்பும் வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்பாக்கள் பலர் இதைக் குடியில் கரைக்கப் பார்க்கிறார்கள், அது பிள்ளையின் பயத்தை இரட்டிப்பாக்குகிறது. பிள்ளைக்கு முன் ஒரு தடவை அழுதுவிட்டால் குடி முழுகிவிடாது, "உனக்கு வலிக்குதேன்னு எனக்கு அழுகை வந்துடுச்சு, இப்ப பரவால்ல" என்று சொல்லிவிடுங்கள். ஆனால் தினமும் பிள்ளை உங்களைத் தேற்றுகிற நிலை வந்தால் நீங்களும் டாக்டரைப் பார்க்க வேண்டும். பெற்றவர்கள் தூங்கினால்தான் பிள்ளை தூங்கும். முறை வைத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வேறு யாராவது பக்கத்தில் படுக்கட்டும்.

எப்போது, எங்கே போவது

ஒரு மாதம் ஆகியும் கனவும் பயமும் குறையவில்லை, பள்ளிக்குப் போக முடியவில்லை, சாப்பாடும் தூக்கமும் திரும்பவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். தற்கொலைப் பேச்சு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, யாரோடும் பேசாமல் உறைந்துபோவது என்றால் ஒரு மாதக் கணக்கும் வேண்டாம், அன்றே போங்கள். பிள்ளைகளுக்கு இதற்கென்றே பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது. பயத்தைப் படிப்படியாகப் பழக்கி, நடந்ததைப் பாதுகாப்பாகப் பேசவைக்கும் முறை அது. முதல் வைத்தியம் மாத்திரை அல்ல. "மனநலப் பிரிவு" என்ற போர்டைப் பார்த்துத் தயங்க வேண்டாம், பைத்தியத்துக்கு மட்டும் உள்ள இடம் இல்லை அது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத் துறை இருக்கிறது. கும்பகோணம், மயிலாடுதுறைக்காரர்கள் முதலில் தங்கள் அரசுத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரைப் பற்றிக் கேட்கலாம். ராத்திரி நேரத்தில் ஒன்றும் புரியவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். 104-லும் ஆலோசனை கிடைக்கும். பிள்ளையை யாராவது கொடுமைப்படுத்தினாலோ பாதுகாக்க ஆளில்லை என்றாலோ 1098.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரு நோட்டையும் கொண்டுபோங்கள். அதில் கடந்த ஒரு வாரத்துக்கு, ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்தது, எதைப் பார்த்துப் பயந்தது, என்ன சாப்பிட்டது, பள்ளிக்குப் போனதா என்று தேதி போட்டு எழுதியிருந்தால், "ஒரு மாதிரி இருக்கான் டாக்டர்" என்று சொல்வதைவிட ஆயிரம் மடங்கு உதவும். பிள்ளை இல்லாமல் உங்களிடம் தனியாகவும், நீங்கள் இல்லாமல் பிள்ளையிடம் தனியாகவும் பேசச் சொல்லிக் கேளுங்கள். அடுத்து வரவேண்டிய தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறுவடையோ தீபாவளியோ நெருங்குகிறது என்றால் அதற்கு முந்தின வாரத்தில் ஒரு தேதி கேளுங்கள்.